உன் அக்கா கால் வழுக்கி விழவில்லை

அன்பு மகன் சண்முகத்துக்கு,

உன் கடிதம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்து, போர்ட் பிளேர் ஹேடோ துறைமுகத்தில் இரண்டு நாள் கிடந்து, போன புதன்கிழமைப் படகில் இந்த லாங் ஐலண்டு தீவுக்கு வந்து சேர்ந்தது. பெண்ணைப் பற்றி நீ எழுதியிருந்த பகுதியை உன் அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். டைப்பிங் பாஸ் செய்தவள், ஒல்லி, வாய் ஓயாமல் பேசுவாள் என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டுச் சிரித்தாள். கடைசிப் பத்தியை மட்டும் நான் வாசிக்கவில்லை. உன் அக்கா எப்படிச் செத்தாள் என்று பெண்ணின் அப்பா உன்னிடம் கேட்டிருக்கிறார். கால் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டாள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர் அதோடு விடாமல், அந்தப் பிள்ளைக்கு வலிப்பு இருந்ததாக அந்தமானிலிருந்து வந்த யாரோ சொன்னார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறார். நம் குடும்பத்தில் அப்படி எதுவும் கிடையாது என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள் அப்பா, அது போதும் என்று எழுதியிருந்தாய்.

அந்த ஒரு வரியை எழுதத்தான் முந்தாநாள் காலையில் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். உறையில் போட்டுப் பசை தடவும்போது கை வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதைத் தொடங்கினேன். படித்து முடித்தபின் நீ என்னை அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நல்லது எதுவும் இதிலிருந்து வரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. உன் கல்யாணம் நிற்கலாம். உனக்குத் தெரியாமல் இருப்பது அதைவிட மோசம் என்று இப்போதாவது எனக்குப் பட்டது, அவ்வளவுதான்.

வடிவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது நானும் உன் அம்மாவும் இங்கே வந்தோம். மர மில்லுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் ஹவுஸில் எனக்கு ஆபரேட்டர் வேலை. நீ இங்கேயே பிறந்தவன். உன் அக்கா எப்படிப்பட்ட பிள்ளை என்று உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உனக்கு நினைவிருப்பது பெரும்பாலும் மாத்திரை சாப்பிட்ட வடிவாக இருக்கும். எப்போதும் தூக்கக் கலக்கம், கேட்டதற்கு மட்டும் பதில், சாயங்காலம் ஆறு மணிக்கே பாயைத் தேடுகிற பெண். அதற்கு முந்தி அவள் அப்படி இல்லை. இந்தி, பெங்காலி, தமிழ் மூன்றையும் கலந்து அடித்துப் பேசுவாள். மில்லில் வேலை பார்த்த ராஞ்சிக்காரர்களின் பாஷையில்கூட நாலு வசவு அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்து மாஸ்டர்ஜி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "லட்கி கா தியான் நஹீ ஹை, பாபு" என்றார். பிள்ளைக்குக் கவனமே இல்லை, கேள்வி கேட்டால் சுவரைப் பார்க்கிறாள், திமிர் என்பது அவர் புகார். வீட்டில் நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கூப்பிட்டால் சில சமயம் திரும்ப மாட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல வருவாள். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செம்பிலிருந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஏதோ பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு பாதியில் நின்றது. தம்ளர் நிறைந்து, வழிந்து, இலையில் சோற்றோடு தண்ணீர் ஓடியது. "ஏட்டி, எங்க பாக்க?" என்று கேட்டேன். கண் திறந்திருந்தது, இமை மட்டும் லேசாக அடித்துக்கொண்டது. மாஸ்டர்ஜி சொன்ன திமிர் இதுதான் என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எழுந்து கன்னத்தில் அறைந்தேன். அவள் அசையவில்லை. அழவில்லை. இரண்டு மூன்று நொடி கழித்து, விட்ட இடத்திலிருந்து, "அதுக்கப்புறம் அந்தப் பெங்காலிப் பிள்ள என்ன செஞ்சா தெரியுமாப்பா" என்று கதையைத் தொடர்ந்தாள். பிறகுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஏன் எரிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. இலையில் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், அதன்பிறகு அழுதாள்.

அதோடு நான் நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த மூன்று வருஷம் அதற்காக அவளை எத்தனையோ தடவை அடித்தேன். உன் அம்மா குறுக்கே வந்து வாங்கிய அடிகளும் உண்டு.

பதினைந்து வயதில் ஒரு மத்தியானம் கிணற்றடியில் அவளுக்குப் பெரிய வலிப்பு வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உடம்பு விறைத்து, நாக்கைக் கடித்து, வாயில் நுரை. அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடி வந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, "மிர்கி ஹை" என்று ஒரே வார்த்தை சொன்னார். காக்காய் வலிப்பு. எனக்கு அந்த வார்த்தை தெரியும். போர்ட் பிளேருக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் மெட்ராஸுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார். உன்னைக் கம்பவுண்டர் வீட்டில் விட்டுவிட்டு, அக்காவுக்குத் தலைவலி, கண்ணாடி போடப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னோம். கப்பலில் நாலு நாள். உன் அம்மா முழுக்க வாந்தி. வடிவு மட்டும் மேல்தளத்தில் நின்று பறக்கிற மீன்களை எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் இடுப்பில் என் துண்டைக் கட்டி, மறு நுனியை என் கையில் சுற்றியிருந்தேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். சின்ன வயது, முப்பது கூட இருக்காது. மூளையில் ஓடுகிற மின்சாரத்தைக் காகிதத்தில் எழுதுகிற மெஷின் அவள் பொறுப்பில் இருந்தது. வடிவின் தலையில் ரப்பர் பட்டிகளை மாட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுகளை வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் இழுத்தாள். மெஷினில் எட்டு மைப் பேனாக்கள். அடியில் காகிதம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவருகே நின்று எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, "அந்தமான்ல என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"பவர் ஹவுஸ்ல ஆபரேட்டரும்மா. ரெண்டு டீசல் ஜெனரேட்டர் செட்டு ஓட்டுதோம்."

"அப்ப உள்ள வாங்க. உங்களுக்குச் சொன்னா புரியும்."

வடிவைக் கண்ணை மூடச் சொன்னாள். பின்மண்டையிலிருந்து வருகிற இரண்டு பேனாக்களும் அழகாக ஆடத் தொடங்கின. ஒரு நொடிக்குப் பத்து அலை என்று விரலால் காகிதத்தில் காட்டினாள். "கண்ணைத் திறம்மா" என்றதும் அலை அடங்கி, கோடு பொடிப்பொடியாக நடுங்கியது. மறுபடி மூடினால் மறுபடி அலை. வடிவுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. சொல்லாமலே மூடி மூடித் திறந்து, பேனா தன் பேச்சைக் கேட்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டாள்.

எனக்கு அவள் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. மூளையில் கோடிக்கணக்கான செல்கள். ஒன்று தனியாகத் துடித்தால் அந்தப் பேனாவுக்கு எட்டாது. லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் துடித்தால்தான் மண்டையோட்டைத் தாண்டி வெளியே தெரியும். சில செல்கள் மற்றதைத் தூண்டிவிடும். சில செல்கள் அடக்கும். தூண்டுகிறவை கூடினால் அடக்குகிறவை விழித்துக்கொண்டு மொத்தக் கூட்டத்தையும் அமுக்கும். கொஞ்ச நேரத்தில் அமுக்கம் விடும். அப்போது அமுங்கிக் கிடந்தவை எல்லாம் ஒன்றாக எழும்பும். எழும்பியதும் மறுபடி அமுக்கம். அப்படித்தான் அலை உண்டாகிறது. மூளையின் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, அது மேற்பரப்புக்கு அனுப்பும், மேற்பரப்பு திருப்பி அதற்கு அனுப்பும், இரண்டுக்கும் நடுவே தாளம் சுற்றிக்கொண்டே இருக்கும். "தூங்கறப்போ பெரிய அலையா, மெதுவா வரும். முழிச்சு யோசிக்கறப்போ ஆளாளுக்கு அவங்கவங்க வேலை, அதனால கோடு சின்னதாத் தெரியும். இதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான்."

"நாங்க ரெண்டு செட்டையும் ஒண்ணாச் சேக்கணும்னா தாளம் சரியா வர வரைக்கும் காத்துக் கெடப்போம்மா" என்றேன்.

"இந்தப் பிள்ளைக்குச் சேரக் கூடாத நேரத்துல எல்லாம் சேந்துக்குது. அதுதான் வியாதி" என்றாள். பிறகு வடிவின் முகத்துக்கு நேராக ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, "இதை ஊதிட்டே இரு, நிறுத்தாதே" என்றாள்.

வடிவு ஊதினாள். இரண்டு நிமிஷம் இருக்கும். திடீரென்று எட்டுப் பேனாக்களும் ஒன்றாகத் துள்ளின. ஒரு கூர்முனை, ஒரு பெரிய வளைவு, ஒரு கூர்முனை, ஒரு பெரிய வளைவு. நொடிக்கு மூன்று. ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகவில்லை. பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வடிவைப் பார்த்தேன். ஊதுவதை நிறுத்தியிருந்தாள். கண் திறந்திருந்தது, இமை லேசாக அடித்துக்கொண்டது. டாக்டரம்மா அவள் காதருகே "மாம்பழம்" என்றாள். பதில் இல்லை. பிறகு பேனாக்கள் சட்டென்று அடங்கின. வடிவு விட்ட இடத்திலிருந்து காகிதத்தை ஊதினாள்.

"நான் என்ன சொன்னேன், சொல்லு?"

"ஊதச் சொன்னீங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்கம்மா."

"இந்த மாதிரி ஒரு நாளைக்கு அம்பது தடவை வந்திருக்கும்" என்று டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "ஸ்கூல்ல திட்டியிருப்பாங்க, பாவம். வீட்ல நீங்க அடிச்சீங்களா?"

இல்லை என்றேன். வடிவு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, டாக்டரம்மா பட்டிகளைக் கழற்றி முடிக்கிற வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா மூன்று விஷயம் சொன்னாள். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது, அதிலும் திடீரென்று நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் முன்னைவிட மூர்க்கமாக வரும். தண்ணீர் பக்கமும் அடுப்புப் பக்கமும் தனியாக விடக் கூடாது. மூன்றாவது உன்னைப் பற்றியது. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். ஒரு தம்பி இருக்கிறான் என்றேன். "அடுத்த தடவை அவனையும் கூட்டிட்டு வாங்க. சில வீடுகள்ல கூடப்பிறந்ததுகளோட பேப்பர்லயும் இந்த அலை இருக்கும். அதுகளுக்கு எதுவும் வராமலே கூடப் போயிடும். இருந்தாலும் தெரிஞ்சு வெச்சிக்கிறது நல்லது." சரி என்று தலையாட்டினேன். கூட்டிக்கொண்டு போகவில்லை.

மாத்திரை வேலை செய்தது. வெறித்துப் பார்ப்பது குறைந்தது, பெரிய வலிப்பு பிறகு வரவே இல்லை. ஆனால் பிள்ளை மந்தமாகிவிட்டாள். படிப்பை நிறுத்தினோம். தினமும் சாயங்காலம் ஷிப்டுக்குப் போகுமுன் மாத்திரையை நானே எடுத்துக் கொடுப்பேன். உன் அம்மாவை அதில் விடவில்லை. அடித்ததற்கு ஈடுகட்டுவதாக எனக்குள் ஒரு நினைப்பு. நீ கேட்டபோதெல்லாம் தலைவலி மாத்திரை என்றே சொன்னோம். இங்கே நம்மவர்களிடமும் அப்படித்தான் சொன்னோம். கம்பவுண்டருக்கும் அன்று கிணற்றடிக்கு ஓடி வந்த அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் மட்டும் தெரியும். அவர்கள் எல்லாரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

பதினெட்டு வயதில் வரன் வந்தது. ஹேடோவில் வார்ஃப் ஸ்டோர் கீப்பர், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். அவனும் அப்பா அம்மாவும் படகில் வந்து, அடுத்த படகு வரை நாலு நாள் நம் வீட்டில்தான் தங்க வேண்டும். இந்தத் தீவில் வேறு எங்கே தங்குவது? ஒரே அறை, ஒரு தாழ்வாரம். சாயங்காலம் நான் மாத்திரை கொடுத்தால் பையனின் அம்மா பார்ப்பாள். மாத்திரை சாப்பிட்டு வடிவு ஆறு மணிக்குத் தூங்கி விழுந்தால் அதையும் பார்ப்பாள். மூன்று வருஷமாக ஒன்றும் வரவில்லையே, நாலைந்து நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மாத்திரைப் புட்டியை எடுத்துக்கொண்டு போய் பவர் ஹவுஸில் என் டூல் பாக்ஸுக்குள் வைத்தேன். வடிவிடம் மட்டும் சொன்னேன்.

"டாக்டரம்மா நிறுத்தவே கூடாதுன்னு சொன்னாங்கள்லா, அப்பா?" என்றாள்.

"அது மூணு வருஷத்துக்கு முந்தி. இப்போ ஒனக்குக் கொணமாயிட்டு. அம்மாட்ட சொல்லாத, அவ பயந்துருவா."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள்.

சண்முகம், அந்த நாலு நாளைப் பற்றி உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மாத்திரையின் மயக்கம் இறங்க இறங்க அவள் பழைய வடிவாக வந்தாள். பையனின் அம்மாவோடு உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டே மில்லில் இருக்கிற ஒவ்வொருவரும் எப்படி இந்தி பேசுவார்கள் என்று நடித்துக் காட்டினாள். உனக்குத் தலை சீவிவிட்டாள். பையன் வெட்கப்பட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்க, அவனுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சிரித்தாள். "இம்புட்டு கலகலப்பான பிள்ளையை ஏன் தீவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்க" என்று பையனின் அப்பா என்னிடம் கேட்டார். நான் பூரித்துப் போனேன். டாக்டரம்மா தப்பு, நான் சரி என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் நிச்சயம் பேசி முடித்தோம்.

நாலாம் நாள் காலையில் எனக்கு ஷிப்ட். வீட்டிலேயே விடைபெற்றுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். பத்து மணிக்குப் படகு. அவர்கள் படகுத்துறை ஜெட்டிக்குக் கிளம்பிய பிறகு, பையனின் அம்மா மூக்குக் கண்ணாடியை ஜன்னலில் மறந்து வைத்துவிட்டுப் போனதை உன் அம்மா பார்த்தாள். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. "ஏட்டி வடிவு, ஓடிப் போயி குடுத்துட்டு வா, படகு எடுத்துரப் போவுது" என்று அனுப்பினாள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள், மூன்று வருஷமாக ஒன்றும் இல்லை, ஜெட்டியில் ஆட்களும் இருக்கிறார்கள் என்ற தைரியம் அவளுக்கு. வடிவு கண்ணாடியைக் கொடுத்துவிட்டாள். படகு கிளம்பியது. அது முனை திரும்பி மறைகிற வரை பார்க்கலாம் என்று ஜெட்டியின் நுனியில் நின்றிருக்கிறாள்.

மரம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ராஞ்சிக்காரர்தான் குதித்து அவளை மேலே தூக்கினார். நான் ஓடிப் போனபோது ஜெட்டிப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் ஈரப் பலகையில் வழுக்கிவிட்டது என்றார்கள். படகிலிருந்து பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. படகு திரும்பி வந்தது, பையனின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு இறங்கினாள். ராஞ்சிக்காரர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டார். கை தூக்கி டாட்டா காட்டினாள், அந்தக் கை அப்படியே நின்றது, பிறகு ஒரு கட்டை மாதிரி சாய்ந்தாள் என்றார். "பானி மே ஹாத் பேர் மார் ரஹா தா, பாபு. ஹம் சோசா, தைர் ரஹா ஹை." தண்ணீருக்குள் கைகாலை அடித்துக்கொண்டிருந்தாள், நீந்துகிறாள் என்று நினைத்தேன். நீந்துகிறாள் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றதற்காக அந்த மனிதர் என் காலைத் தொட்டு அழுதார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம், வீட்டில் அவள் கிடக்கும்போது, நான் பவர் ஹவுஸுக்குப் போனேன். ஆபரேட்டர்கள் நான் துக்கத்தில் வந்ததாக நினைத்து ஒதுங்கி நின்றார்கள். புட்டியை எடுத்து, அவள் சாப்பிடாத அந்த நாலைந்து நாள் மாத்திரைகளை என்ஜின் தண்ணீர் போகிற ஓடையில் கொட்டிவிட்டு, மிச்சத்தோடு வீட்டுக்குக் கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தேன். உன் அம்மா பார்த்தால் கணக்கு சரியாக இருக்க வேண்டும் அல்லவா. மகள் செத்த அன்றைக்கு எனக்கு அந்தப் புத்தி இருந்தது. அதைத்தான் என்னால் எந்த விதத்திலும் பொறுக்க முடியவில்லை. மாத்திரையை நிறுத்தியது முட்டாள்தனம் என்று சொல்லலாம். இதற்குப் பெயர் வேறு.

உன் அம்மா பதின்மூன்று வருஷமாக "நான்தான் அனுப்பினேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ கேட்டிருப்பாய். சமையல் செய்யும்போது, துணி மடிக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். முதல் வருஷம் நான் "ஒன் மேல தப்பில்ல" என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அன்றிலிருந்து இந்தத் தீவை விட்டு வெளியே போனதில்லை. ஜெட்டியைத் தாண்டித்தானே போக வேண்டும். அவள் அண்ணன் செத்ததற்கும் போகவில்லை, உன்னைப் போர்ட் பிளேர் ஹாஸ்டலில் சேர்க்கவும் வரவில்லை.

உன்னைப் பற்றி ஒன்று இருக்கிறது. நாங்கள் மெட்ராஸிலிருந்து வந்த மறு வருஷம், உனக்கு ஒன்பது வயது. ஒரு மத்தியானம் நீ சோற்றில் கை வைத்தபடி அசையாமல் இருந்தாய். கூப்பிட்டேனா இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பிள்ளைகள் யோசனையில் உட்காருவது உண்டு. அது அதுவாகவே இருக்கலாம். கொஞ்ச நேரம் நின்று பார்த்திருந்தால், தோளைத் தொட்டிருந்தால், எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துவிடுமே என்றுதான் போனேன். பிறகு உன்னை அந்தப் பார்வை பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. நீ ஹாஸ்டலுக்குப் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதனால் உன் மாமனாராக வரப்போகிறவருக்கு நான் எதை எழுதிக் கொடுப்பது? உன் தலையில் அந்த அலை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் விட்டவன் நான். நீ அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த டாக்டரம்மா இப்போது எங்கே இருக்கிறாளோ, அந்த மெஷின் யாரிடமாவது இருக்கும். போய் உட்கார்ந்து ஊது. ஒன்றும் இல்லை என்றாலும் அந்தப் பெண்ணிடம் வடிவைப் பற்றிச் சொல். அவள் அப்பாவிடம் சொல்லுமுன் அவளிடம் சொல். வேண்டாம் என்று அவள் சொன்னால் கேட்டுக்கொள். நாளைக்கு உனக்கென்று ஒரு பிள்ளை பிறந்து, பேசிக்கொண்டே இருக்கையில் நடுவில் நின்றுபோனால், எழுந்து போய்விடாதே. பக்கத்தில் உட்கார். வேறு எந்த நல்ல வார்த்தை சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. இதைச் செய்தால் எல்லாம் நன்றாக முடியும் என்று சொல்ல மாட்டேன். மருந்து ஒழுங்காகக் கொடுக்கிற வீடுகளிலும் பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள் என்று அந்த டாக்டரம்மாவே சொன்னாள்.

நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் சொன்னேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் பிழிவதை நிறுத்தவில்லை. கடைசித் துணியையும் உதறிப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"நீங்க நிறுத்துனது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல அவ?"

"சொல்லாதன்னு நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேனே" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். நாளைக் காலைப் படகில் போர்ட் பிளேர் போய், அங்கிருந்து கப்பலில் உன்னிடம் வருகிறாள். டிக்கெட்டுக்கு ஆளிடம் சொல்லிவிட்டேன். ஏற்றிவிட நான் ஜெட்டிக்கு வரக் கூடாது என்று அடுத்த வீட்டுப் பெங்காலி அம்மாள் மூலமாகச் சொல்லியனுப்பினாள். திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் தபாலில் வராது. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, இன்று காலையில் வந்து கையை நீட்டி, "ஒட்டாமக் குடுங்க, அவன் எனக்கு வாசிச்சுக் காட்டட்டும்" என்றாள். நேற்றிலிருந்து என்னிடம் அவள் நேராகப் பேசியது அது ஒன்றுதான். நேற்று சொல்லும்போது சில இடங்களை நான் முழுங்கிவிட்டேன். ராஞ்சிக்காரர் பார்த்ததைச் சொல்லவில்லை. ஓடையில் கொட்டியதைச் சொல்லவில்லை. இதில் எல்லாம் இருக்கிறது. அவளை உட்கார வைத்து, எந்த இடத்தையும் தாண்டாமல், முழுக்க வாசித்துவிடு.

அப்பா